அலைதாண்டும் கட்டுமரம்

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்தும் போபாலிலிருந்தும் இரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் பிள்ளைகள் பலர், தாத்தா பாட்டியைப் பார்த்த மறுநாளே கடற்கரைக்குப் போக விரும்புவர். கால் நனைத்து, சுண்டல் தின்று, மணலில் வீடு கட்டி மகிழ்ந்து திரும்புவர். அலை அவர்களுக்கு விளையாட்டுத் தோழன். அது முழங்காலளவு வரும், காலடி மணலை அரித்துக்கொண்டு ஓடும், மீண்டும் வரும். அதே கரையில், அதே அலையைப் பார்த்தபடி சற்றுத் தொலைவில் நிற்கும் மீனவர் ஒருவரின் முகத்தில் அந்தக் களிப்பு இராது. அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர். வரும் அலைகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டு நிற்கிறார்.

மீன்பிடித் தொழிலில் எது கடினம் என்று கேட்டால் ஆழ்கடல், புயல், சுறா என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். புயல் ஆண்டில் சில நாள்களே வரும். சோழமண்டலக் கரையில், துறைமுகம் இல்லாத ஊர்களில், நாள் தவறாமல் எதிர்ப்படும் இடர் கரையை ஒட்டியே இருக்கிறது. அலை உடைந்து நுரைக்கும் அந்தப் பகுதி ஒன்றிரண்டு நூறு மீட்டர் அகலமே இருக்கும். போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் அதைக் கடந்தாக வேண்டும். அதற்கு அப்பால், காற்று அமைதியாக இருக்கும் நாளில், கடல் ஏறி இறங்குமே தவிர உடைவதில்லை.

அலை ஏன் கரையருகே உடைகிறது? எங்கோ தொலைவில் காற்று எழுப்பிய அலை பல நூறு கிலோமீட்டர் கடந்து வருகிறது. அவ்வாறு வரும்போது நீர் பயணம் செய்வதில்லை. நீரின் அசைவு மட்டுமே பயணம் செய்கிறது. நடுக்கடலில் மிதக்கும் தேங்காய் மட்டை ஒன்றைக் கவனித்தால் இது விளங்கும். அலை அதன் அடியில் புகுந்து கடந்து போகும். மட்டையோ ஏறி இறங்கி ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. கடலின் தரை தடுப்பதால் அலையின் வேகமும் குறைகிறது. பின்னால் வரும் பகுதி முன்பகுதியை நெருக்க, அலை உயர்ந்து செங்குத்தாகிறது. அதன் உயரம் அவ்விடத்து ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது நிலைகுலைந்து தலைகுப்புற விழுகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். இரண்டு மீட்டர் அலை அவ்வளவு அருகில் வர இயலாது. இரண்டரை மீட்டர் ஆழத்திலேயே உடைந்துவிடும். ஆகவே எங்கே நுரை எழுகிறது என்று பார்த்தே அங்கே எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம். பள்ளிக்குச் சென்றறியாத முதிய மீனவரும் கரையில் நின்றபடி நீருக்கடியில் உள்ள மணல்திட்டையும் பள்ளத்தையும் அறிந்துகொள்வது இவ்வாறுதான்.

உடைந்த கணத்திலிருந்து அசைவோடு நீரும் சேர்ந்து ஓடத் தொடங்குகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025 கிலோகிராம். சிறிய மகிழுந்து ஒன்றின் எடைக்கு அது குறைந்ததன்று. அவ்வளவு எடை மேலிருந்து விழுந்தால் சாதாரணப் படகு என்னவாகும்? உள்ளே நீர் நிறையும், நிறைந்ததும் கனக்கும், கனத்த படகை அடுத்த அலை கவிழ்க்கும். நீரை இறைத்துக் கொட்ட அவகாசமே இராது, ஏனெனில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம் பெரும்பாலும் பத்து நொடி அளவே.

இந்தச் சிக்கலுக்குக் கரையோர மக்கள் கண்ட தீர்வு மிக எளியது. உட்புறமே இல்லாத கலம் ஒன்றை அவர்கள் செய்தார்கள். எடை குறைந்த மென்மரத் துண்டுகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டினார்கள். கட்டப்பட்ட மரம் ஆதலின் அது கட்டுமரம் ஆயிற்று. மீனவர் பேச்சில் அதுவும் சுருங்கி வெறும் 'மரம்' என்றே வழங்கும். நடுமரம் சற்றுத் தாழ்வாகவும் ஓர மரங்கள் சற்று உயர்வாகவும் அமையும். 'அணியம்' எனப்படும் முன்பகுதி அலையின்மேல் ஏறுவதற்கு ஏற்ப மேல்நோக்கி வளைந்திருக்கும். அலை மேலே விழுந்தாலும் நீர் தங்குவதற்குக் குழியில்லை. மரங்களின் இடுக்குகள் வழியாக வந்த வேகத்தில் வடிந்துவிடும். கலம் மிதப்பது உள்ளே அடைபட்ட காற்றினால் அன்று, மரமே மிதக்கிறது. கவிழ்ந்தாலும் மூழ்காது. புரட்டிப் போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். ஆணி கிடையாது, கயிற்றுக்கட்டு சிறிது நெகிழ்ந்து கொடுப்பதால், அலையின் அடியில் விறைத்து நின்று பிளவுபடுவதும் இல்லை.

சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்துப் பரதவரின் மீன்பிடி கலம் 'திமில்' எனப்படுகிறது. பிற்காலத்தில் வந்த ஐரோப்பியர் கட்டுமரத்தைக் கண்டு வியந்தனர். ஆங்கிலக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இக்கலத்தை அதன் பெயரோடு குறித்துள்ளார். அப்பெயரே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' எனத் திரிந்து உலகெங்கும் பரவியது. இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட விரைவுக் கப்பல்களையும் பாய்ப்படகுகளையும் குறிக்கிறது. அவற்றுள் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை!

இனி, கரையில் நிற்கும் அந்த மீனவரிடம் திரும்புவோம். நேரம் விடியலுக்கு முந்தியது. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் அப்போது காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அது புறப்படுபவருக்குத் துணைக்காற்று. வலை, தூண்டில், குடிநீர், துடுப்பு எல்லாம் மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம்.

இருவர் அல்லது மூவர் மரத்தை மணலிலிருந்து நகர்த்தி இடுப்பளவு நீருக்குக் கொண்டு செல்வர். ஆனால் உடனே ஏறிவிடுவதில்லை. அணியம் அலைக்கு நேராக இருக்கும்படி இருபுறமும் பிடித்துக்கொண்டு நிற்பர். உடைந்து வரும் நுரை மரத்தை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும், திரும்ப விடலாகாது. அலைக்குக் குறுக்காகத் திரும்பிய மரம் உருளும். இந்தக் காத்திருப்பு சில நொடிகளில் முடிவதும் உண்டு, கால்மணி நேரம் நீள்வதும் உண்டு. புதிதாகத் தொழில் பழகும் இளைஞருக்குத் துடுப்புப் போடுவதைவிட இப்படிக் காத்து நிற்பதே கடினமாக இருக்கும். வயதில் மூத்தவர் "பொறு, பொறு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எதற்காகக் காத்திருக்கிறார்கள்? அலைகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. வெவ்வேறு திசையிலும் வெவ்வேறு நேரத்திலும் எழுந்த அலைத்தொடர்கள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் பெரிய அலைகள் சில அடுத்தடுத்து எழும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தணித்துக் கடல் சிறிது நேரம் அடங்கும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்தபின் கிடைக்கும் அந்த இடைவெளியே புறப்படும் நேரம். ஏழாவது அலை பெரிது என்று மாலுமிகள் சொல்வதுண்டு. கடல் அவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைப்பதில்லை. அன்றைய கடலின் போக்கை அன்று நின்று பார்த்தே அறிய வேண்டும்.

இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கரையில் வந்து குவியும் நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும் அல்லவா? மணல்திட்டு அறுபட்ட இடத்தில் அது ஓர் ஓடைபோலக் கூடிக் கடல்நோக்கி ஓடும். அங்கே ஆழம் மிகுதி. ஆகவே அலை குறைவாக உடையும். இருபுறமும் வெண்ணுரை இருக்க, நடுவே மட்டும் நீர் சற்றுக் கருத்துத் தெரியும். கலத்தோடு வெளியேறுபவருக்கு அந்த ஓட்டம் உதவும். நீராட வரும் சிறுவருக்கோ அதுவே பெரும் ஆபத்து. அலையில்லாத அமைதியான இடம் என்று எண்ணி அதில் இறங்குவர். நீரோட்டம் உள்ளே இழுத்துச் செல்லும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரை நோக்கி வர வேண்டும். மெரினாவுக்கோ பூரிக்கோ கோவாவுக்கோ செல்லும் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இடைவெளி வந்துவிட்டது. மூத்தவர் குரல் கொடுக்கிறார். எல்லோரும் ஒரே தள்ளாகத் தள்ளி, தாவி ஏறி, மண்டியிட்டுத் துடுப்பை வலிக்கின்றனர். இப்போது தயங்கலாகாது. எதிரே எழும் அலையை அது உடைவதற்கு முன்பே ஏறிக் கடக்க வேண்டும். அல்லது அது உடைந்து வலுவிழந்த பிறகு அதன் நுரையைக் கிழித்துச் செல்ல வேண்டும். அலையின் தலை கவிழும் அதே இடத்தில் போய் நிற்பதுதான் மிகக் கெட்டது. அப்படி நேர்ந்துவிட்டால் உடலை முன்னே சாய்த்து, கட்டுக்கயிற்றைப் பற்றிக்கொண்டு தலைகுனிந்து கொள்வர். அலை மேலே புரண்டு போகும். மரம் மறுபுறம் மேலெழும், நீர் வடியும், துடுப்பு மீண்டும் அசையும். கடைசி நுரைவரிசையைத் தாண்டியதும் ஒருவர் பாயை விரிப்பார். மற்றவர் மூச்சு வாங்குவார்.

பார்ப்பவர் பலரும் வெளியேறுவதே பெரும்பாடு என்று நினைப்பர். உண்மையில் திரும்பி வருவதே அதனினும் இடர் மிக்கது. வெளியேறும்போது அலை கண்ணெதிரே இருக்கிறது. திரும்பும்போது அது முதுகுக்குப் பின்னால் வருகிறது. மேலும், கடற்பக்கத்திலிருந்து பார்த்தால் உடையும் அலையின் பின்புறச் சரிவு மட்டுமே தெரியும். அது வழுவழுப்பாக, மெல்லச் சாய்ந்து, தீங்கற்றதுபோல் தோன்றும். நுரையும் செங்குத்தான முகமும் கரையில் நிற்பவருக்கே தெரியும். எனவே வெளியிலிருந்து பார்த்துக் கடல் அமைதியாக இருக்கிறது என்று நம்பி உள்ளே நுழைபவர் ஏமாறுவர். அனுபவமுள்ளவர் கண்ணை மட்டும் நம்பாமல் காதையும் நம்புவார். அலை விழும் ஓசையைக் கேட்டு அளவிடுவார். கரையில் நிற்பவர்கள் கைகாட்டி உதவுவதும் உண்டு. அவர்களோடு மீன் வாங்கிச் சென்று விற்கும் பெண்களும் கூடைகளுடன் நிற்பார்கள். மரம் கவிழ்ந்தால் போவது அன்றைய மீன் மட்டுமன்று. வலை, பெரும்பாலும் கடன் பட்டு வாங்கியதாக இருக்கும்.

நுரைப்பகுதிக்கு வெளியே மரத்தை நிறுத்தி, பாயைச் சுருட்டி, எல்லாவற்றையும் மறுபடி இறுகக் கட்டுவர். பெரிய அலைக்கூட்டம் அடியில் கடந்து போகட்டும் என்று விடுவர். அதன் கடைசி அலை கடந்ததும், அதன் முதுகிலேயே தொற்றிக்கொண்டு செல்வதுபோல வலித்துச் செல்வர். அலைக்கு முன்னே ஓடுவது வீரம்போலத் தோன்றும். ஆனால் அலை பின்புறத்தைத் தூக்க, அணியம் கீழே குத்தி, மரம் தலைகீழாகப் புரளும். அல்லது பின்புறம் ஒரு பக்கமாக வழுக்க, மரம் அலைக்குக் குறுக்கே திரும்பி உருளும். இதைத் தடுக்கவே ஒருவர் பின்னால் இருந்து நீண்ட துடுப்பைச் சுக்கான்போல் ஆழப் பிடித்திருப்பார். பின்னால் வரும் அலை எட்டிப் பிடித்துவிடும்போல இருந்தால் முன்னேறுவதை நிறுத்தி எதிர்த்து வலித்து, அதை அடியில் கடக்க விடுவர்.

மணல் தட்டியதும் குதிக்க வேண்டும். எந்தப் பக்கம் குதிப்பது என்பதில் உயிர் இருக்கிறது. மரத்துக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்கலாகாது. அடுத்த அலை மரத்தைத் தூக்கி எறிந்தால் அது கரையை நோக்கித்தான் வரும். நடுவே நிற்பவரின் கால் முறியும். கடற்பக்கமாக நின்று, அலை வந்து தூக்கும் நேரத்திலேயே தள்ளி, அது வடியும்போது நிறுத்திப் பிடித்து, இரண்டு மூன்று அலைகளின் உதவியோடு மேலே ஏற்றுவர். பிறகு கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவர். நீர் ஊறிய மரம் கனத்துப்போகும், மிதப்பும் குறையும்.

இக்கரையின் அலை வரலாற்றிலும் இடம் பெற்றது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் சென்னையில் நிலம் பெற்றபோது அங்கே துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆள்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரைக்குக் கொண்டுவரும். பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. ஆணியடித்த ஐரோப்பியப் படகு நொறுங்கும் அலையில் அவை வளைந்து கொடுத்துத் தப்பின. அவற்றின் பக்கத்திலேயே கட்டுமரங்கள் துணை வரும். பயணிகள் நீரில் விழுந்தால் தூக்கி எடுப்பதற்காக. படகுகள் இறங்க அஞ்சும் கடும் அலைநாளிலும் கட்டுமரக்காரர் கப்பலுக்குச் சென்று வந்தனர். தலையில் அணிந்த கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதங்கள் நனையாமல் பயணம் செய்தன. ஆளுநரின் ஆணைகளும் வணிகரின் கணக்குகளும் ஒரு மீனவரின் தலைமேல் அலை தாண்டின என்பதை வரலாற்று நூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அலையை வெல்ல அரசு முயன்றது. 1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்பு இறங்குதுறை அமைந்தது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டிய சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் உடைத்தது; மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் நிலைபெற்றது, ஆனால் யாரும் அவ்வளவாக எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலை ஓயாமல் நகர்த்துகின்றன. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுக்கவே, தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே மணல் வரத்து நின்று, இராயபுரத்துக்கு அப்பாலுள்ள கரையைக் கடல் அரித்தது. விடுமுறையில் பிள்ளைகள் ஓடி விளையாடும் அகன்ற மணற்பரப்பில் பெரும்பகுதி, வடக்கே உள்ள மீனவ ஊர்களுக்குப் போயிருக்க வேண்டிய மணல்.

கட்டுமரமும் குறைந்து வருகிறது. ஏற்ற மென்மரம் அரிதாகி விலை ஏறியது. 1980-களிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் எண்ணற்ற கட்டுமரங்கள் அழிந்தபின், உதவியாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகளே. இயந்திரம் பூட்டிய அப்படகு விரைவாகச் செல்லும். மிகுதியான மீனைச் சுமக்கும். இதைக் குறை கூற இயலாது; நாள் முழுதும் துடுப்பு வலித்தவரின் தோள்வலி அவருக்குத்தான் தெரியும். எனினும் அதற்கு உட்புறம் உண்டு. அலை விழுந்தால் நீர் நிறையும். கரை நெருங்கும்போது சுழலி மணலில் மோதாதபடி இயந்திரத்தைத் தூக்க வேண்டும். தூக்கிய கணத்தில் உந்துவிசை இல்லை. ஆகவே காத்திருப்பதும், அலையின் முதுகைப் பற்றி வருவதும், கடற்பக்கம் குதிப்பதும் புதிய படகுக்கும் தேவைப்படுகின்றன. இன்று பொழுதுபோக்குக்காகக் கடலில் மீன்பிடிப்போர் பயன்படுத்தும் நெகிழிக் 'கயாக்' வகையொன்றும், மேலே அமர்ந்து செலுத்துவது, நீர் வடிவதற்குத் துளைகள் கொண்டது. கட்டுமரத்தின் இடுக்குகள் செய்த வேலையையே அத்துளைகள் செய்கின்றன.

அரிப்பைத் தடுக்க வடசென்னைக் கரையில் பெருங்கற்களைக் கொட்டி அரண் அமைத்துள்ளனர். கற்கள் வீடுகளைக் காக்கின்றன. ஆனால் கலத்தைக் கரையேற்றுவதற்கு மணற்சரிவு வேண்டும். கல்லின்மேல் அலை எறிந்தால் மரமும் உடையும், படகும் உடையும். அத்தகைய இடங்களில் தம் வீட்டு வாசலுக்கு எதிரே கரையேறிய குடும்பங்கள், படகை வேறிடத்தில் நிறுத்திவிட்டு வலையைச் சுமந்துகொண்டு நடந்து வருகின்றன.

பயிற்சி

1. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ எத்தனை மீட்டர் ஆழத்தில் உடையும்? கணக்கிட்டு எழுதுக.

2. கரைக்குத் திரும்புவது புறப்படுவதைவிட இடர் மிக்கது எனப் பாடம் கூறுவதற்கான காரணங்கள் யாவை?

3. மரத்துக்கும் கரைக்கும் நடுவே நிற்கலாகாது. ஏன்? படம் வரைந்து விளக்குக.

4. 'கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம்' - இத்தொடரின் பொருளை இரண்டு வரிகளில் எழுதுக.

5. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதால் தெற்கே நேர்ந்தது என்ன? வடக்கே நேர்ந்தது என்ன? துறைமுகம் வேண்டும், வேண்டாம் என இரு அணியாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.

6. உங்கள் உறவினர் எவரேனும் கடலோர ஊரில் வாழ்ந்தால், அவரிடம் தொலைபேசியில் பேசி, அங்கே காற்றுக்கும் அலைக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வருக.